ஆறடி உயர ஹீன் பண்டா

என் பாட்டில் இதுவரைக்கும் முப்பத்தேழு பேர் செத்திருக்கிறார்கள். கிணற்றில் விழுந்தவள், யானை மிதித்தவன், பங்காளியின் கத்திக்கு இரையானவன், தலையில் தேங்காய் விழுந்த பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லா வகையும் உண்டு. அவர்களில் ஒரே ஒருவன்தான் திரும்பி வந்து என்னைக் கேள்வி கேட்டான்.

நான் அலவ்வ மார்த்தெலிஸ். எங்கே துர்மரணம் நடந்தாலும் அதை நாலுவரிக் கவிகளாகக் கட்டி, ரோஸ் நிறத் தாளில் அச்சடித்து, பொல்கஹவெல சந்தி ஸ்டேஷனில் பாடி விற்பது என் தொழில். படித்தவர்கள் இதைக் கவிதை என்று ஒப்புக்கொள்வதில்லை. ரேடியோவில் எவனோ இந்திப் பட மெட்டுக்குள் சிங்களச் சொற்களைத் திணித்துப் பாடினால் அவனுக்கு மாலை போடுகிறார்கள். போடட்டும். அவன் பாட்டைக் கேட்டு யார் அழுதார்கள்? என் பாட்டைக் கேட்டுக் கண்டி ரயில் ஐந்து நிமிஷம் தாமதமாகக் கிளம்பியிருக்கிறது. கொடி காட்ட வேண்டிய கார்டு அழுதுகொண்டிருந்தார்.

எங்கள் தொழிலுக்குச் சில ஒழுங்குகள் உண்டு. நாலு வரியும் ஒரே ஓசையில் முடிய வேண்டும். கடைசிக் கவியில் எழுதியவன் பேரும் ஊரும் தேதியும் வர வேண்டும். நான் மட்டும் அதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்வேன்: 'ஒரு வரி பொய்யில்லை.' முப்பத்தேழு தாளிலும் அது உண்டு. அந்த ஒரு வரிக்காகவே எனக்குப் போட்டியாகப் பாடுகிற ரம்புக்கனைக்காரன் தாளை ஒதுக்கிவிட்டு என் தாளை வாங்குகிற சனங்கள் இருந்தார்கள்.

அந்தத் தை மாதத் திங்கட்கிழமை காலையில் நான் முப்பத்தேழாவது சாவைப் பாடிக்கொண்டிருந்தேன். மார்கழி வெள்ளத்தில் தெதுரு ஓயா ஆற்றைக் கடக்கப் போய் மாட்டு வண்டியோடு அடித்துச் செல்லப்பட்ட ஹீன் பண்டா என்ற இளைஞனின் கதை. கல்யாணம் நிச்சயமாகியிருந்த பிள்ளை. கேட்கவா வேண்டும்? மூன்று வாரமாகியும் தாள் ஓடிக்கொண்டிருந்தது.

பூரணை நிலாவைப் போன்ற முகம் எங்கே ஐயோ
ஆறடி ஆண்சிங்க நடை எங்கே ஐயோ
வாரிய வெள்ளத்தில் போனது எங்கே ஐயோ
ஊரெல்லாம் தேடும் ஹீன் பண்டா எங்கே ஐயோ

நாலாவது 'ஐயோ'வில் பெண்கள் முந்தானையை எடுத்துவிட்டார்கள். கூட்டத்தில் ஒருவன் மட்டும் அழவில்லை. குள்ளமான ஆள், கழுத்தில் அழுக்குத் துவாய், முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று மூன்று முறை தும்மினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழுகிற நேரத்தில் தும்முவது என்ன பழக்கம்?

"என்ன தம்பி, தடிமனா? அந்தப் பக்கம் போய்த் தும்முறது" என்றேன்.

"தடிமன் இல்ல கவியாரே. பயம் வந்தா எனக்கு அப்படித்தான்" என்றான் அவன். "இப்ப நீங்க சாகடிச்சீங்களே, அந்த ஹீன் பண்டா நான்தான்."

கூட்டம் அவனை மேலும் கீழும் பார்த்தது. மேலே பார்க்க அதிகம் இல்லை. முன்வரிசையில் நின்ற வெற்றிலைக்காரி மூக்கைச் சிந்திவிட்டு, "சீ! செத்த பிள்ளையோட பேரில விளையாடுறான் பாருங்க. குடிகாரன்" என்றாள். ஆளுக்கொரு தாளை வாங்கிக்கொண்டு எல்லோரும் குருநாகல் ரயிலில் ஏறிவிட்டார்கள். மேடையில் நானும் இறந்தவனும் மட்டும் நின்றோம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளை நான் எழுதியது ஆற்றங்கரையிலும் இல்லை, சாவு வீட்டிலும் இல்லை. வாரியபொலயிலிருந்து வந்த ஒரு லாரிக்காரன் தேநீர்க் கடையில் சொன்ன நாலு வார்த்தைதான் முதல். வண்டி போனது, மாடு போனது, ஆள் போனான், பேர் ஹீன் பண்டா, கணேவத்தையில் பெண் பார்த்திருந்தது. அவ்வளவுதான். ரம்புக்கனைக்காரன் முந்திவிடுவான் என்ற அவசரத்தில் அன்று மத்தியானமே எழுதி முடித்தேன். முகத்துக்குப் பூரணை நிலா, உயரத்துக்கு ஆறடி, நடைக்குச் சிங்கம் என்று என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும். செத்தவன் எவனாக இருந்தாலும் இது பொருந்தும் என்றுதான் நினைத்திருந்தேன். சவத்தையே காணாமல் சாவு பாடியது என் பிழை. எங்கள் தொழிலைத் தவிர வேறு எந்தத் தொழிலிலும் இந்தப் பிழை வராது.

அவனைத் தேநீர்க் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கித்துல் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு அவன் தன் நியாயத்தைச் சொன்னான்.

"வெள்ளம் என்னைக் கொண்டுபோய் ஹெட்டிபொலைக்குக் கீழ போட்டுடுச்சு. தோணிக்காரங்க தூக்கி எடுத்து வீட்டில படுக்க வச்சாங்க. காய்ச்சல்ல பத்து நாள் கண்ணே திறக்கல. எழும்பி, நடந்து, கணேவத்தைக்குப் போனா, எனக்குப் பேசின பிசோமெனிகேயோட அப்பா ஆராச்சி மாத்தயா வாசல்லயே கையை விரிச்சு மறிக்கிறார். 'ஹீன் பண்டா செத்துட்டான். ஏழாம் நாள் தானமும் குடுத்தாச்சு. நீ யாரு'ன்னு கேட்கிறார்!"

"ஆளைத் தெரியாதா அவருக்கு?"

"தெரியாமலா? மூணு தரம் அவர் வீட்டில சோறு தின்னிருக்கேன். உங்க கடதாசியைக் கண்ணுக்கு முன்னால நீட்டுறார். 'அச்சில வந்திருக்கு, ஒரு வரி பொய்யில்லைன்னும் இருக்கு. நிலா மாதிரி மூஞ்சி, ஆறடி உயரம். உனக்கு இதில எது இருக்கு, சொல்லு'ங்கிறார். நான் என்னத்தைச் சொல்ல? எனக்கு அஞ்சடிக்கே கொஞ்சம் இழுக்கணும்."

ஆராச்சி முப்பது வருஷம் கிராமத் தலைவர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெசட்டில் வந்தால் தான் பிறந்ததையே நம்புகிற ஆள். ஆனால் இங்கே அச்சு ஒரு சாக்கு. மகளுடைய ஜாதகத்துக்கு வருகிற வியாழக்கிழமையை விட்டால் அடுத்த வருஷம் வரைக்கும் சுபநேரம் இல்லையாம். பந்தல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது, பலகாரத்துக்கு மாவு இடித்தாகிவிட்டது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பந்தலையும் நேரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு மாப்பிள்ளையை மட்டும் மாற்றிவிட்டார். கூட்டுறவுக் கடை மானேஜர் ஒருவர், தூரத்து உறவு, கையோடு கிடைத்தார்.

"பிள்ளை என்ன சொல்லுது?" என்று கேட்டேன்.

"அவளைப் பார்க்கவே விடலையே! நான் வந்ததே அவளுக்குத் தெரியாது. கடிதம் போட்டா பிரிச்சுப் படிக்கிறதும் அவர்தான்." அவன் கருப்பட்டியைக் கீழே வைத்தான். "கவியாரே, அவ என்னை நினைச்சு அழுதழுதே பாதியாகியிருப்பா. வியாழக்கிழமைக்கு முந்தி நான் உயிரோட இருக்கேன்னு அவ காதில விழணும். உங்க பாட்டு எந்த வேலியையும் தாண்டும்னு சொல்லுறாங்க. சாகடிச்சவர் நீங்க. உயிரும் நீங்கதான் குடுக்கணும்."

நான் மாட்டேன் என்றேன். முதல் காரணம், உயிரோடு இருப்பவன் தாளை யார் வாங்குவார்கள்? இரண்டாவது காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. முன்தாள் பொய் என்று நானே பாடினால் 'ஒரு வரி பொய்யில்லை'க்கு அப்புறம் என்ன மதிப்பு? இருபது வருஷப் பேர். ஆனால் அந்தப் பாவி மூன்று முறை தும்மிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு காரணமும் கரைந்துவிட்டன. சரி என்றேன்.

பழக்கதோஷம் யாரை விட்டது? அன்றே எழுதிய உயிர்த் தாளிலும் நிலா இருந்தது, ஆறடி இருந்தது, சிங்கமும் இருந்தது. 'எங்கே ஐயோ' இருந்த இடத்தில் 'இங்கே பாரீர்' என்று மாற்றியதுதான் என் புதுமை. செவ்வாய்க்கிழமை குருநாகல் பஸ் நிலையத்தில் பெட்டி மேல் ஏறிப் பாடினேன். என் குரலுக்கு அழுகை மெட்டு ஒன்றுதான் தெரியும். முதல் இரண்டு வரியிலேயே பெண்கள் வழக்கம்போல் அழத் தொடங்கிவிட்டார்கள். 'உயிரோடு மீண்டான் இங்கே பாரீர்' என்று நான் கை காட்டியபோது எல்லோரும் ஹீன் பண்டாவைப் பார்த்தார்கள். அழுகை நின்றது. ஏசத் தொடங்கினார்கள்.

"இவனா? இவன் ஏணி வச்சாலும் ஆறடி வரமாட்டானே!" என்றான் ஒரு கண்டக்டர்.

"கவிகார மாத்தயா, நான் அந்தப் பிள்ளைக்காக ரெண்டு நாள் சோறு தின்னல" என்றாள் மரக்கறிக் கூடையோடு நின்ற ஒரு பெண். "பன்சலையில விளக்கு ஏத்தினேன். இப்ப வந்து இந்தக் குட்டையனைக் காட்டுறீங்க. என்ட கண்ணீரைத் திருப்பித் தாங்க."

"அக்கா, ஆள் உயிரோட இருக்கிறது நல்ல விஷயந்தானே?"

"அந்த ஆறடிப் பிள்ளை இருந்தா நல்ல விஷயம். இவன் இருந்தா என்ன, செத்தா என்ன?"

ஹீன் பண்டா தும்மினான். கூடையிலிருந்து ஒரு கத்தரிக்காய் பறந்து வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

என் தாள்கள் அச்சாகிற அச்சுக்கூடத்துத் தாழ்வாரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் நான் அவனை முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்தேன் என்றால் உண்மையாகவே பார்த்தேன். ஒரு காது மற்றதைவிடக் கொஞ்சம் முன்னால் வளைந்திருந்தது. சிரிக்காதபோதும் அந்தப் பல்சந்து வெளியே தெரிந்தது. இந்த முகத்துக்கும் நிலாவுக்கும் ஏழாம் பொருத்தம். எனக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"டேய், சொல்லு. ஆத்துக்குள்ள என்னதான் நடந்தது?" என்று அதட்டினேன். மூன்று வாரத்தில் நான் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.

"சொன்னா சிரிப்பீங்க."

"இருபது வருஷமா நான் சிரிச்சதில்ல. சொல்லு."

அவன் சொன்னான். வெள்ளத்தில் போனவன் ஒரு பலாமரத்துக் கிளையைப் பிடித்து ஏறியிருக்கிறான். அந்தக் கிளையில் ஏற்கெனவே ஒரு நீருடும்பு உட்கார்ந்திருந்தது, ஆள் நீளத்துக்கு. இவன் பயத்தில் தும்ம, அது பயத்தில் நாக்கை நீட்ட, இரண்டு பேருக்கும் போக வேறு இடமில்லை. இரண்டு பகல், இரண்டு இரவு. பச்சைப் பலாப்பிஞ்சைக் கடித்துத் தின்று, பாதியை மரியாதைக்காக அதன் பக்கம் தள்ளி வைத்தானாம். மூன்றாம் நாள் அது ஒரு அடி நெருங்கி வந்தது. இவன் தும்மிய தும்மல்தான் தூரத்தில் போன தோணிக்காரர்கள் காதில் விழுந்தது.

"இறங்கும்போது அதுக்கிட்ட போயிட்டு வரேன்னு சொன்னேன் கவியாரே. தனியா விட்டுட்டு வர மனசு கேட்கல" என்றான்.

நான் சிரித்தேன். அடக்கப் பார்த்தும் முடியாமல், விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் பென்சிலை எடுத்தேன். அவனைப் பார்ப்பேன், ஒரு வரி எழுதுவேன், மறுபடி அவனைப் பார்ப்பேன். இப்படி நான் ஒரு நாளும் எழுதியதில்லை. கையில் இருந்த நிலாவும் சிங்கமும் பக்கத்தில் வந்து 'நாங்க வரட்டா' என்று கேட்டன. போங்கள் என்று விரட்டினேன்.

அச்சுக்கூடச் சீமன் முதலாளி எழுத்துக் கோத்துக்கொண்டே பாதியில் தலையை மேசையில் வைத்துச் சிரித்தார். "என்ன மார்த்தெலிஸ், உங்களுக்கும் அந்தப் பேராதனைப் பல்கலைக்கழகப் புதுக்கவிதைப் பையன்கள்ட வியாதி தொத்திடுச்சா? கண்ணால பார்த்ததை எல்லாம் எழுதிக்கொண்டு வாறீங்க."

"வாயைக் கழுவுங்க முதலாளி. அவனுங்க கவியில ஓசை ஏது? நான் நாலு வரிக்கும் ஒழுங்கா முடிவு வச்சிருக்கேன்."

"அது சரி, படத்துக்கு என்ன செய்ய? நம்மகிட்ட இருக்கிறது அழுற பொம்பளை அச்சு ஒண்ணுதானே. எல்லாத் தாளுக்கும் அவதான் அழுதுகொண்டிருக்கா."

தேடியதில் ஒரு பள்ளிப் புத்தகத்துக்குச் செய்து மிஞ்சிய முதலை அச்சு கிடைத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் நீருடும்புதான். ஹீன் பண்டா மட்டும் அதைப் பார்த்துவிட்டு, "அது இதைவிட நல்ல வடிவு" என்று மனத்தாங்கலோடு சொன்னான்.

புதன்கிழமை காலை வடக்கே போகிற ரயிலில் ஏறினோம். இருபது வருஷமாக வராத மேடைப் பயம் அன்று எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அழுகை மெட்டை உதறிவிட்டு, அறுவடையில் பெண்கள் பாடுகிற துள்ளல் மெட்டில் எடுத்தேன்.

குள்ளந்தான் ஹீன் பண்டா, முன்பல்லில் ஒரு சந்து
வெள்ளத்தில் மிதந்தானே விறகுபோல் வந்து வந்து
பிள்ளைபோல் பலாக்கிளையைப் பிடித்தானே பாய்ந்து வந்து
அள்ளையில் நீருடும்பு அமர்ந்தது முந்தி வந்து

பெட்டியில் ஒரு கிழவர் 'ஹிக்' என்றார். நான் பயந்து நிறுத்திவிட்டேன். அழுகிற கூட்டத்தை எனக்குத் தெரியும், எந்த வரியில் மூக்கைச் சிந்தும் என்பது வரைக்கும் தெரியும். சிரிக்கிற கூட்டத்தை என்ன செய்வது?

"ஏன் நிப்பாட்டினீங்க? உடும்பு என்ன செஞ்சுது, அதைச் சொல்லுங்க!" என்று ஒரு பெண் அதட்டினாள்.

சொன்னேன். பெட்டி குலுங்கியது, ரயிலால் மட்டுமல்ல. அடுத்த பெட்டிக்காரர்கள் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். யாரோ ஹீன் பண்டாவைப் பார்த்து, "இவன்தானே அவன்! பல்லைப் பாரு!" என்று கத்தினார்கள். அவ்வளவுதான். பல்லைப் பார்க்க வரிசை நின்றது. குருநாகலில் கத்தரிக்காயால் அடி வாங்கியவனுக்கு இங்கே வாழைப்பழமும் பணியாரமும் வந்து மடியில் விழுந்தன. கணேவத்தையில் நாங்கள் இறங்கியபோது, அந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டியவர்களோடு இறங்கத் தேவையில்லாதவர்களும் இறங்கினார்கள். நாற்பது பேராவது இருக்கும்.

ஆராச்சி வீட்டு வாசலில் தென்னங்குருத்துப் பந்தல் போட்டிருந்தது. பக்கத்துக் கொட்டிலில் பெண்கள் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, இரும்பு அச்சை மாவில் தோய்த்துக் கொக்கிஸ் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வேலியருகே நின்று தொண்டையைக் கனைத்தேன். ஹீன் பண்டாவைக் கூட்டத்துக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். அவனை மறைக்க அதிகப் பேர் தேவைப்படவில்லை.

ஆராச்சி மூக்குக் கண்ணாடியோடு வெளியே வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ஆ, அலவ்வ மார்த்தெலிஸ்! வாங்க, வாங்க. உங்க கவியைத்தான் ஏழாம் நாள் தானத்தில முழுசா வாசிச்சோம். தானத்துக்கு வந்த பிக்கு ஹாமுதுருவே கண்ணைத் துடைச்சார். நாளைக்கு நம்ம வீட்டில கல்யாணம். மங்களமா ஏதும் பாடுங்க."

"அதுக்குத்தான் வந்தேன் ஆராச்சி மாத்தயா" என்று எடுத்தேன். குள்ளம், பல்சந்து, பலாக்கிளை, பலாப்பிஞ்சு எல்லாம் பாடி முடித்தேன். ஆராச்சியின் சிரிப்பு மெல்ல மெல்ல உறைந்தது. கொட்டிலில் கரண்டிச் சத்தம் நின்றது. அப்போது இந்தக் கவிக்கு வந்தேன்:

பயம்வந்தால் வரும்அவர்க்குப் படபட மூன்று தும்மல்
நயம்வந்தால் அதற்கும்கூட நாசியில் மூன்று தும்மல்
உயரத்துக் கிளையில்நின்று உடும்புக்கும் மூன்று தும்மல்
அயலெல்லாம் கேட்கவைத்து ஆளைமீட்ட மூன்று தும்மல்

கொட்டிலிலிருந்து ஒரு பெண் வெளியே ஓடி வந்தாள். கையில் கொக்கிஸ் அச்சு, அதிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கண்கள் என்னையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. கூட்டத்தைத் துழாவின.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல் கேட்டது. இன்னொன்று கேட்டது. நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மூன்றாவது தும்மல் வந்ததும் ரயிலில் கூட வந்தவர்கள் எல்லோரும் "மூணு!" என்று கத்தினார்கள். வழிவிட்டார்கள். ஹீன் பண்டா துவாயால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

ஆராச்சி லேசில் விடுகிற ஆள் இல்லை. மடித்து வைத்திருந்த என் பழைய தாளை இடுப்பிலிருந்து உருவினார். என் கையிலிருந்த புதுத் தாளையும் பிடுங்கி, கடைசிக் கவி வரைக்கும் கண்ணை ஓட்டினார்.

"கவியாரே, கொஞ்சம் இருங்க. இதுவும் உங்க அச்சு, அதுவும் உங்க அச்சு. ரெண்டிலும் ஒரு வரி பொய்யில்லைன்னு சத்தியம் வச்சிருக்கீங்க. செத்தவன் ஆறடி. இவன் இவ்வளவு. எது பொய்? ஊருக்கு முன்னால சொல்லுங்க."

கெட்டிக்காரர். என் கழுத்தை எங்கே பிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாற்பது முகமும் என் பக்கம் திரும்பின. ஊர்க்காரர்களும் வேலிக்கு வேலி வந்து நின்றுவிட்டார்கள். 'ரெண்டு பேர் இருக்கலாம், ரெண்டும் உண்மை' என்று நான் சொன்னால் என் பேர் தப்பும். ஹீன் பண்டா என்னைப் பார்த்தான். தும்மக்கூட இல்லை.

"முந்தினது பொய்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். "முந்தினது முழுக்கப் பொய். நான் ஆத்தங்கரைக்குப் போகல. இந்தப் பிள்ளையை நான் கண்டதே இல்ல. நிலா, சிங்கம், ஆறடி எல்லாம் என்ட பெட்டியில எப்பவும் கிடக்கிற சாமான். செத்த எல்லாருக்கும் அதைத்தான் உடுத்தி அனுப்பியிருக்கேன். இருபது வருஷமா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்குத் தெரியும்" என்றது ஒரு பெண் குரல்.

பிசோமெனிகே வேலிக்கு வந்திருந்தாள். அழுதழுது பாதியாகியிருப்பாள் என்று இவன் சொன்னானே, கன்னம் கும்மென்று இருந்தது.

"உனக்கு என்ன தெரியும் மகளே?" என்றார் ஆராச்சி.

"அப்பா அன்னைக்கு இதை வாசிச்சுக் காட்டினப்பவே தெரியும். எல்லாரும் அழுதாங்க. நான் ஒரு சொட்டும் அழல. மாமி என்னைக் கல்நெஞ்சுக்காரின்னு ஏசினா. இதில அவர் எங்க இருக்கார்? பெண் பார்க்க வந்த அன்னைக்கு என்ட வெத்திலைத் தட்டில மூணு தரம் தும்மி அவ்வளவு வெத்திலையும் பறக்கவிட்ட மனுஷன், இதில ஒரு வரியிலயும் இல்லையே! இது யாரோ வேற ஒரு பாவம் ஹீன் பண்டான்னு நினைச்சேன். வியாழக்கிழமைக்கு முந்தி நம்ம ஆள் வருவார்னு இருந்தேன்."

பிறகு அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எங்கள் வழக்கப்படி கவிக்குக் கவியாகவே எனக்குப் பதில் சொன்னாள். நின்ற இடத்தில் கட்டியதா, மூன்று வாரமாக மனசில் வைத்திருந்ததா, தெரியாது.

பூரணை நிலவென்று பாடினீர், நம்பவே இல்லை
ஆறடி என்றீர், அன்றே அழுகைக்கு வேலை இல்லை
ஊரெல்லாம் யார்க்கோ அழுதது, என்ஆளுக்கு அழவே இல்லை
நேரிலே பார்த்து எழுதும், உமக்கினிப் பிழையே இல்லை

கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. நாலு வரிக்கும் ஒரே முடிவு, ஒரு அசை பிசகவில்லை. முப்பத்தேழு தாள் எழுதியவனுக்கு ஒரு கொக்கிஸ் அச்சோடு வந்த பெண் பாடம் நடத்திவிட்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் மோசமான கவியை நம்பாததால்தான் அவள் மூன்று வாரம் அழாமல் இருந்தாள் என்று நினைத்தபோது சந்தோஷத்தில் நெஞ்சு பொங்கியது.

ஆராச்சி இரண்டு தாளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு தவித்தார். அவரைக் காப்பாற்றியது அவருக்கு மருமகனாக வரவிருந்த மானேஜர்தான். தானும் பலகாரம் ருசி பார்க்க வந்திருந்தவர், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"மாமா, கடைசிக் கவியில தேதியைப் பாருங்க. கெசட் மாதிரித்தானே? பிந்தி வந்ததுதானே செல்லும்?"

ஆராச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தேதியைப் படித்தார். இரண்டு முறை படித்தார். ஊரே காத்திருந்தது.

"செல்லும்" என்றார். அப்புறம் ஹீன் பண்டாவைப் பார்த்து, "அன்னைக்கு நான் கண்ணாடி போடல மகன்" என்றார். அன்று கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது என்று ஹீன் பண்டா பிற்பாடு என்னிடம் சொன்னான். பந்தலுக்கும் நேரத்துக்கும் சரியாக மாப்பிள்ளை வந்து சேர்ந்ததில் மனுஷனுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

வியாழக்கிழமை சுபநேரத்தில், மணமேடையில் இருவரும் ஏறி நின்றார்கள். மணமகளை வாழ்த்திக் கவி சொல்ல என்னைத்தான் நிறுத்தினார்கள். ஒரு கல்யாணத்துக்கு என்னை யாரும் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வாயைத் திறந்தேன். "பூரணை..." என்று நாக்கு தானாகப் புறப்பட்டது. பிசோமெனிகே மெல்லத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் கப்பென்று வாயை மூடினேன். பந்தல் முழுக்கச் சிரித்தது.

அவளை நிதானமாகப் பார்த்தேன். மணிக்கட்டில் எண்ணெய் தெறித்துச் சிவந்த ஒரு சின்னப் புள்ளி, முந்தின நாள் வேலிக்கு ஓடி வந்தபோது பட்டது. அதைப் பாடினேன். மூன்று வாரம் அழாத கண்ணைப் பாடினேன். ஹீன் பண்டா சந்தோஷம் தாங்காமல் வெற்றிலைத் தட்டின் மேல் மூன்று முறை தும்மினான், பந்தலே எண்ணியது. கடைசிக் கவியில் என் பேரையும் ஊரையும் தேதியையும் சொல்லி, 'ஒரு வரி பொய்யில்லை' என்று முடிக்கப் போனபோது என் குரல் உடைந்துவிட்டது. இருபது வருஷமாக ஊரையெல்லாம் அழவைத்தவன், அன்றைக்குத்தான் நான் அழுதேன்.